ஒரு கரண்டி வட்டிலப்பம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. உச்சி வெயில்.

உக்குவளை ஸ்டேஷனைத் தாண்டினால் ரயில் பாதை மலையை அறுத்துக்கொண்டு ஏறும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே ஈரப் பாறை. பன்னச் செடி, பாசி. வீடு இல்லை, ஒழுங்கை இல்லை. தண்டவாளம் மட்டும்தான்... கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

நம் ஸக்கியாவின் ராத்தா, மூத்தவள் மபாஸாவை மாத்தளையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை றிஸ்வான். மாமனார் ஸக்கரியாவுக்கு டவுனில் பலசரக்குக் கடை. மாமியார் ஆஸியா. றிஸ்வானுக்கு ஒரே ஒரு தங்கச்சி, நப்லா. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவள்.

பழைய நீராவி ரயில் ஒன்று இருக்கிறது. ஷெட்டில் தூங்கும். வருஷத்தில் சில நாள் மட்டும் துடைத்து, பித்தளை மினுக்கி, மாத்தளையிலிருந்து கண்டிக்கு உல்லாசப் பயணம் ஓட்டுவார்கள். அதை நப்லா ஃபோனில் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. றிஸ்வான் ஐந்து பேருக்கும் சீட் போட்டான்.

பயணத்துக்கு முன்னால் நப்லாவுக்கு டெங்கு வந்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் ஒன்று சொல்லியிருந்தார். சிவப்பு, கறுப்பு, பிரவுன் நிறத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது. பிள்ளை வாந்தி எடுத்தால் அது ரத்தமா, சாப்பாடா என்று தெரியாமல் போய்விடும். சரியான காரணம்தான். காய்ச்சல் விட்ட அன்று நப்லாவுக்குப் பசித்தது. எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"உம்மா, வட்டிலப்பம் வேணும். ஒரு கரண்டி போதும்."

கருப்பட்டிப் பண்டம். பிரவுன் நிறம்.

"நாளைக்கித் தாறேன் மகள்" என்றார் ஆஸியா.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பயங்கரம். அன்றிரவே முடிந்துவிட்டது.

நாற்பதாம் நாள் கத்தமும் ஓதியாயிற்று. ஆஸியா அழவில்லை. ஆனால் சாப்பாட்டில் உட்கார்ந்தால் விரல் சோற்றில் கிடக்கும், வாய்க்குப் போகாது. "பிள்ள பசியோட போயிட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இப்படியே விட்டால் இன்னொரு மையித்து விழும் என்று மபாஸா பயந்தாள்.

ரயில் நாள் வந்தது. டிக்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் ஸக்கரியா. ஆஸியா விடவில்லை.

"அவ ஆசப்பட்ட பயணம். போவோம்."

அன்று சுபஹுக்கு முன்பே எழும்பி, மஞ்சள் சோறு ஆக்கி, கோழி பொரித்து, ஒரு சின்ன எவர்சில்வர் பெட்டியில் வட்டிலப்பமும் அவித்து எடுத்துக்கொண்டார். 

எதிரெதிர் ஆசனங்கள். ஆஸியா ஜன்னலோரம், அவருக்குப் பக்கத்தில் றிஸ்வான், ஸக்கரியா. எதிர்ப்பக்கம் மபாஸா. அவளுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம்... ஐந்தாவது சீட்.

எஞ்சின் ஊதியது. மெல்ல நகர்ந்தது. மிகவும் மெல்ல.

"இந்த ஓட்டத்துக்கு நான் எறங்கி ஒளு செஞ்சு தொழுதிட்டு வந்து ஏறலாம்" என்றார் ஸக்கரியா.

"அப்பிடியே நடந்து போங்க வாப்பா. எங்களுக்கு முந்தி கண்டிக்குப் போயிருவீங்க" என்றான் றிஸ்வான்.

மபாஸா சிரித்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு சிரிப்பு.

உக்குவளையில் ரயில் நின்றது. எல்லாரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். திரும்ப ஏறும்போது பின் ஆசனத்துப் பெண் ஒருத்தி வந்து சிங்களத்தில் கேட்டாள். "இதில் ஆள் இருக்கா? என் சின்ன மகளுக்கு ஜன்னல் வேணுமாம்."

ஆஸியா தன் கைலேஞ்சியை எடுத்தார். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னலால் லேஞ்சி போடுவோமே, அதே மாதிரி. காலிச் சீட்டில் விரித்தார். அவரும் சிங்களத்திலேயே சொன்னார்.

"ஆள் இருக்கு. வருவா."

அந்தப் பெண் போய்விட்டாள். றிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டான். மபாஸா அந்த லேஞ்சியையே பார்த்தாள். இல்லாதவருக்கு இடம் பிடிக்கலாமா? பிடித்தால்... ஆள் வரத்தானே செய்யும்?

ரயில் ஏற ஆரம்பித்தது. நடுவில் ஐஸ் பெட்டியைப் போட்டு, அதன் மேல் சஹனை வைத்தார்கள். ஒரே தட்டு. சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதிலேயே சாப்பிட வேண்டும், அவரவர் தங்கள் பக்கத்தில் மட்டும். ஆஸியா சோற்றைக் கொட்டிக் கோழியைப் பங்கு வைத்தார். ஐந்து துண்டு. கை பழகிய கணக்கு. ஐந்தாவது துண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"பிஸ்மி சொல்லித் தொடங்குங்க" என்றார் ஸக்கரியா.

அப்போதுதான் மலை வெட்டு வந்தது.

ஏற்றத்தில் எஞ்சின் திணறியது. ஹப்... ஹப்... ஹப். புகைக்குப் போக இடமில்லை. இரண்டு பக்கமும் பாறை. திறந்திருந்த ஜன்னல் வழியாக முழுவதும் உள்ளே வந்தது. வெள்ளைப் புகை, கறுப்புப் புகை, ஈர ஆவி எல்லாம் ஒன்றாக. எரிந்த எண்ணெய் நாற்றம். றிஸ்வான் ஜன்னல் பலகையை இறக்க எழுந்தான். "இறுகி நிக்கிது" என்று கத்தினான். பிறகு அவனும் தெரியவில்லை. எதிரில் இருந்த மாமியும் தெரியவில்லை. மபாஸாவுக்குத் தன் கையே தெரியவில்லை.

வலது பக்கம் சுட்டது.

பேயின் உடம்பு குளிரும் என்பார்கள். இது சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையைப் பக்கத்தில் படுக்கப் போட்டால் போர்வைக்கு மேலாலும் வருமே, அந்தச் சூடு. மபாஸாவின் தோளில் இருந்து முழங்கால் வரைக்கும் ஒரே கோடாக.

பிறகு வாசம். எண்ணெய்ப் புகைக்கு நடுவில் பச்சைக் கசப்பு. பப்பாளி இலை இடித்த சாறு. டெங்கு வந்த பிள்ளைக்கு அதைப் பிழிந்து கொடுத்தவள் மபாஸாதான். அவளுக்குத் தெரியாதா?

எவர்சில்வர் மூடி திறந்தது. கரண்டி பெட்டியில் உரசியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... எஞ்சின் மட்டும்.

டிக்.

கரண்டி பல்லில் படும் சத்தம்.

"மெல்ல மகள்" என்றார் ஆஸியா, புகைக்குள்ளே இருந்து. "மெல்ல... புரையேறும்."

டிக்.

மபாஸா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். குல்ஹுவல்லாஹு ஓத வாயெடுத்தாள். வரவில்லை. இருமல்தான் வந்தது.

வெட்டு முடிந்தது. காற்று அடித்தது. வெளிச்சம்.

ஆஸியாவின் கை காலிச் சீட்டின் முன்னால் அந்தரத்தில் நின்றது. கரண்டி சுத்தமாக இருந்தது, கழுவி வைத்த மாதிரி. பெட்டியில் வட்டிலப்பம் பாதி இல்லை.

"உம்மா, நீங்களா சாப்பிட்டீங்க?" றிஸ்வான் கேட்டான்.

ஆஸியா கரண்டியைப் பெட்டியில் போட்டார். கையைச் சஹனில் வைத்தார். சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். கண்ணீர் வடிய வடிய, தன் பக்கத்துச் சோறு முழுவதையும் தின்று முடித்தார். அத்தனை நாளுக்கும் பிறகு முதல் தடவை.

"புகைதான்" என்றார் ஸக்கரியா. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "கண் எரிஞ்சா மனிசனுக்கு எல்லாம் தோணும்."

பின்னேரம் திரும்பி வந்தார்கள். உக்குவளைக்கு முன்னால் அதே வெட்டு. ஆஸியா கரண்டியும் பெட்டியுமாகத் தயாராக இருந்தார். ஆனால் இப்போது இறக்கம். எஞ்சினுக்கு உழைப்பு இல்லை, புகையும் இல்லை. பாறை மட்டும் பக்கத்தில் மெதுவாகப் போனது, ஒவ்வொரு பாசித் துண்டும் தெளிவாகத் தெரிய. ஆஸியா தலையை வெளியே நீட்டி எஞ்சினைப் பார்த்தார். வெட்டு முடியும் வரை அப்படியே. பிறகு பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று மபாஸா ஸக்கியாவிடம் சொன்னாளாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது.

அவர்கள் வீட்டுப் பக்கம் எல்லாரும் பொழுது சாயும் மஃரிபு நேரம், நுளம்பு கடிக்காமல் இருக்கப் புகை போடுவார்கள். தேங்காய்ப் பொச்சு மட்டையைக் கொளுத்தி, மேலே பச்சைக் குழை. ஆஸியாவும் போட ஆரம்பித்தார். மற்ற வீடுகளில் அடங்கிவிடும். இங்கே அடங்காது. குழையை ஈரமாக்கி ஈரமாக்கிப் போடுவார். பின்வளவே தெரியாமல் வெள்ளையாகும். பிறகு ஒரு கோப்பையில் சோறு எடுத்துக்கொண்டு அதற்குள் போய் உட்காருவார். இரவு இஷாத் தொழுகை நேரத்துக்கு வெறும் கோப்பையோடு வருவார்.

"நாய் தின்னுது" என்றான் றிஸ்வான். "உம்மா சாப்பிடுறாங்கதானே, உடம்பும் தேறிட்டு. விடு."

உண்மைதான். தேறியிருந்தார். மபாஸாவும் விட்டாள்.

ஆனால் வீட்டில் அரிசி முடிந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு சுண்டு கூடப் போனது. பிறகு இரண்டு. ஒருநாள் மாமி கோப்பையை விட்டுவிட்டுச் சோற்றுச் சட்டியோடு வாசல் இறங்கும்போது மபாஸா மறித்தாள்.

"என்ன மாமி இது? அவ ஒராளுக்கு இவ்வளவு சோறா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே விளங்கியது.

ஆஸியா சிரித்தார். விருந்துக்கு ஆள் வந்திருக்கும் வீட்டில் உம்மாமார் சிரிப்பார்களே, அந்த அவசரச் சிரிப்பு.

"அவ தனிய வாறல்ல மகள். அந்த வாட்டுல இருந்து போன ஒரு பிள்ளையும் சாப்பிட்டுட்டுப் போகல்ல."

சட்டியைத் தூக்கிக்கொண்டு புகைக்குள் இறங்கினார். மபாஸா வாசலிலேயே நின்றாள்.

உள்ளே இருமல் கேட்டது. சின்னக் குரல். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொய்யா மரத்தடியில் இன்னொன்று. மதிலோரம்... இன்னொன்று.