ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்

எனக்குக் காலையில் ஒரு டீயும் இரண்டு பொறையும் இருந்தால் போதும், யாரோடும் வம்பு இல்லை. திருத்தணி மார்க்கெட்டில் முப்பது வருடமாக மூட்டை தூக்குகிறேன். ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. அதனால் இதை நானே சொன்னால்தான் உண்டு.

என் மகள் உதயாவிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. வீடு காலி செய்யப் போன இடத்தில் தூக்கிப்போட வைத்திருந்ததை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். தாயில்லாத பெண், விளையாடட்டும் என்று. ஷட்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. அரக்கோணத்தில் என் சிநேகிதன் எலியாஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். முன் கண்ணாடியைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த மெல்லிய தகடுகளைப் பெட்ரோல் தொட்ட பஞ்சால் துடைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

“பாத்துக்கோ துளசி. எண்ணெ கிண்ணெ வுட்டுடாத. தகடு மெதுவா மூடும், வெளிச்சம் பூந்து படமெல்லாம் வெள்ளையா பூடும்.”

“எனக்கு இன்னாத்துக்குப்பா அது?” என்றேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

உதயா விளையாடவில்லை. சென்னையில் இன்னும் ஃபிலிமிலேயே படம் பிடிக்கிற ஒரு ஸ்டுடியோவைக் கண்டுபிடித்தாள். முப்பத்தாறு படம் எடுத்து வா, நன்றாக இருந்தால் வேலை, தங்க ஹாஸ்டல் என்றார்களாம். அவள் ஆடிக் கிருத்திகையைத் தேர்ந்தெடுத்தாள். வருடத்துக்கு ஒரு நாள், மலை முழுக்கக் காவடி.

“வேல கெடச்சா மாசத்துக்கு ஒரு தபா வருவேன் நைனா. அதுக்குள்ள ரசம் வெக்கக் கத்துக்கோ. உன் ரசத்த மாடுகூட மோந்துட்டுப் போவுது.”

நானும் சிரித்தேன். மாதத்துக்கு ஒரு தடவை என்பது மட்டும் காதில் நின்றுவிட்டது.

கிருத்திகையன்று காலை அவள் குளிக்கப் போனாள். நான் கண்ணாடியைத் திருகி எடுத்து, தீக்குச்சி முனையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். அவ்வளவுதான். கதவுக் கீலோ சைக்கிள் செயினோ, எது மக்கர் பண்ணினாலும் எண்ணெய் விடுவது எங்கள் ஊர் வழக்கம். பிடிபட்டாலும் விவரம் தெரியாத மனுஷன், பாசத்தில் செய்துவிட்டான் என்பார்கள். பம்பைச் சத்தத்தில் ஷட்டர் மெதுவாக இழுத்து மூடுவது அவள் காதில் விழாது என்பதையும் யோசித்துவைத்திருந்தேன். மூட்டை தூக்குகிற தலைதானே என்று நினைத்துவிடாதீர்கள்.

சென்னையில் ஃபிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு வந்தாள். “ஒண்ணுகூட வரல நைனா.”

எலியாஸ் திறந்து பார்த்தான். “யாரு எண்ணெ வுட்டது?”

“திரும்ப ஒட்டிக்கக் கூடாதேன்னு நாந்தாம்ப்பா...” முகத்தைத் தொங்கப்போட்டேன்.

எலியாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “வுடுங்க அங்கிள், அதுக்கு இன்னா தெரியும்? மூட்டய குடுத்தா தூக்கும்.”

அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் வலித்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஸ்டுடியோக்காரர்கள் நல்லவர்கள். அவள் போன் உடைந்து கிடந்ததால் என் நம்பரைக் கொடுத்திருந்தாள். பத்து நாள் கழித்துத் தமிழில் ஒரு மெசேஜ் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவன் நான். யார் துணையும் இல்லாமல், எழுத்துக் கூட்டி நான் முழுசாகப் படித்த முதல் சேதி அதுதான். ‘கேமரா கோளாறு என்று தெரிகிறது. எங்கள் கேமராவில் எடுத்துக் காட்டலாம். உதயாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லவும்.’ அழிக்கிற இடத்தில் குப்பைத்தொட்டி படம் போட்டிருக்கிறார்கள். அதற்குப் படிப்பே வேண்டியதில்லை.

“அவுங்க எதுனா சொன்னாங்களா நைனா?” என்று தினமும் கேட்டாள். தானாகப் போய்க் கேட்க அவளுக்குக் கூச்சம். “இல்லம்மா,” என்றேன். அடுத்த மாதம் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது அதிகம் பேசுவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு தயாராக இருக்கிறது.

போன வாரம் பழைய இரும்புக்காரன் தெருவில் வந்தான். கேமராவை அவளே எடுத்துப்போய்த் தராசில் வைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். வளர்ந்த பிள்ளைகள் எடுக்கிற முடிவில் தகப்பன் தலையிடக் கூடாது என்பது என் கொள்கை.