படிக்கட்டு அண்ணன் துணியை மீறவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, எங்கள் பாராசூட் சங்கத்தின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, மடிப்பு மேசைத் தோழர்களே, இடமில்லாமல் வாசல்வரை நின்றுகொண்டிருக்கும் ஊர்மக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எங்கள் தலைமைப் பயிற்சியாளர் படிக்கட்டு அண்ணனுக்கான இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதை மட்டும் பேசுங்கள் என்று செயலாளர் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்லதைத்தான் பேசப்போகிறேன். அது எல்லோருக்கும் நல்லதாக இராது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். பதினோரு ஆண்டுகளாகச் சங்கத்தின் தரை அலுவலர். விமானத்தில் போகிறவர்கள் குதிக்கலாமா, கூடாதா என்று கீழேயிருந்து சொல்வது என் வேலை. நாளைக் காலை நகரமன்றத்துக்குப் போகவேண்டிய விபத்து அறிக்கை இதோ என் பையில் இருக்கிறது. ‘தலைமைப் பயிற்சியாளர், தரையிலிருந்து கொடுத்த எச்சரிக்கையை மீறிக் குதித்தார்’ என்று அதில் எழுதியிருக்கிறது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மீறினாரா? யார் மீறினார்? படிக்கட்டு அண்ணனா மீறினார்?

அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஊரிலுள்ள லிஃப்ட் அத்தனையையும் பழுதுபார்த்தவர் அவர். ஒன்றிலும் ஏறமாட்டார், படிக்கட்டில்தான் போவார். கேட்டால், அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியும் என்பார். ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை தொட்டுப் பார்க்கிற அந்த மனிதரா அவசரப்பட்டுக் குதித்தார்?

சங்கம் ஆரம்பித்தபோது இந்த ஊர் எங்களை என்னவென்று சொன்னது? கொழுப்பெடுத்த கூட்டம் என்றது. ஆற்றுப்பாலம் உடைந்து அக்கரைக் குடியிருப்பு நான்கு நாள் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததே, அப்போது யார் போனார்கள்? அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. படகு போக வழியில்லை. மருத்துவமனை நர்ஸம்மாவைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தவர் படிக்கட்டு அண்ணன். நர்ஸம்மா அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். விமானத்தின் கதவருகே, ‘எனக்குப் பயமா இருக்குங்க’ என்றாராம். அண்ணன் சொன்னது இதுதான்: ‘எனக்கும்தான். பயமில்லாதவன்கூட மட்டும் குதிச்சிடாதீங்க.’

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதன்பிறகுதான் நாங்கள் கொழுப்பெடுத்த கூட்டமாக இல்லாமல் போனோம்.

நூற்பாலை மூடப்பட்ட வருடம் வேலையிழந்தவர்கள் டீக்கடை பெஞ்சிலேயே நாளைக் கழித்தபோது, அவர்களைக் கூட்டிவந்து மடிப்பு மேசையில் நிறுத்தியவரும் அவர்தான். நூல் தெரிந்த கைக்குப் பாராசூட் துணி மடிக்கத் தெரியாதா என்றார். மடித்தவர் தன் பெயரைச் சீட்டில் எழுதி உறைக்குள் செருக வேண்டும். குதிப்பவர் அதை வாசித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். ‘உன் பேரை நம்பித்தான் ஒருத்தன் குதிக்கிறான்’ என்று ஒருவர் சொன்ன பிறகு, வேலை போன மனிதன் எப்படி நிமிர்ந்து நின்றான் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

புதிய சந்தைக் கட்டடத் திறப்பு விழா. நாடா வெட்டுகிற கத்தரிக்கோல் வானத்திலிருந்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கடையில் இருக்கிற கத்தரிக்கோல் வெட்டாதா? வெட்டாதாம்! அண்ணனும் இன்னும் ஐந்து பேரும் மேலே போனார்கள். மைதானத்தில் இரண்டு வெள்ளைத் துணிப் பட்டைகளைக் குறுக்காக விரித்துவைத்திருந்தேன். குறுக்காக இருந்தால் குதிக்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துப்போட்டால் குதிக்கக் கூடாது. இதுதான் எங்கள் சட்டம். ரேடியோவில் பேட்டரி தீரும், துணி தீராது என்பார் அண்ணன்.

விமானம் ஏறிய சற்று நேரத்தில் காற்று மாறியது. அளந்து பார்த்தேன், அளவுக்கு மேல். துணியை மடித்துப்போட்டேன். ரேடியோவிலும் சொல்ல எடுத்தேன். அது ஒலிபெருக்கியில் கரகரக்கிறது, தலைவர் பேசும்போது தொந்தரவாக இருக்கிறது, அணைத்துவிடுங்கள் என்று மேடையிலிருந்து ஓர் உத்தரவு. யார் சொன்னது? தலைவர் அவர்களே, நீங்கள்தான். துணிதான் மடித்திருக்கிறதே என்று நானும் அணைத்தேன். அடுத்து, சங்கத்தின் சார்பில் பூங்கொத்து கொடுக்க வா என்று செயலாளர் கூப்பிட்டார். போனேன். துணியருகே ஒருவரையும் நிறுத்தாமல் போனேன். ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறவன், பூங்கொத்தோடு புகைப்படத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் பந்தல் அலங்காரம் செய்தவர் மைதானத்தைப் பார்த்திருக்கிறார். அழகாக விரித்திருந்த துணி காற்றில் சுருண்டுவிட்டது என்று நினைத்துவிட்டார். ஓடிப்போய் மறுபடி குறுக்காக விரித்து, பறக்காமல் முனைக்கு ஒரு கல் வைத்துவிட்டு வந்தார். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மறுநாள் என் கடைக்கு வந்து அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. துணியின் அர்த்தத்தை அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.

அண்ணன் எப்போதும் முதலில் குதிப்பார். அவர் பத்திரமாக இறங்கினால்தான் மற்றவர்கள். அன்றும் அப்படியே. காற்று அவரைச் சந்தைக் கட்டடத்தின் பக்கச் சுவரில் கொண்டுபோய் மோதியது. அதைப் பார்த்த ஐந்து பேரும் விமானத்திலேயே திரும்பி வந்தார்கள்.

அந்த ஐந்து பேரும் இந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! தம்பிகளா, மேலேயிருந்து நீங்கள் பார்த்த துணி எப்படி இருந்தது? குறுக்காகத்தானே இருந்தது? பிறகு எந்தக் கையால் கையெழுத்துப் போட்டீர்கள்?

ஏன் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். துணியை மடித்தேன் என்று நான் விசாரணையில் சொன்னேன். அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அறிக்கை இப்படியே போனால் நகரமன்றத்து மைதானம் சங்கத்திடமே இருக்குமாம். மேடையின்மேல் தவறு என்றால் மைதானம் கிடையாதாம். ‘செத்துப்போனவருக்கு இனிமே என்ன நல்ல பேரு, கெட்ட பேரு?’ என்று என்னிடம் கேட்டார் செயலாளர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைத் தூக்கிப் பாடைமேலேயே வைத்துவிட்டார்கள்.

அடுத்த நாளே வேறொரு கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினார்களே, அது மட்டும் வெட்டியதா?

கையெழுத்துப் போடமாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி, என் தவறை முதலில் எழுதி, கையெழுத்திட்டு இந்த மேசையில் வைக்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். தலைவருக்கும் செயலாளருக்கும் தம்பிகள் ஐவருக்கும் போதுமான இடம். அவர் படத்துக்குப் பூப்போட வருகிறவர்கள் முதலில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். மைதானம் போனால் போகட்டும். புதன்கிழமைதோறும் மடிப்பு மேசை என் கடைக்குள் நடக்கும். என்றைக்கு நாம் மறுபடி மேலே போகிறோமோ அன்றைக்குத் துணியருகே நான் நிற்பேன். ஆண்டவனே கூப்பிட்டாலும் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

கடைசியாக ஒன்று. அண்ணி ரொட்டிக்கடையில் கல்லாவில் இருக்கிறவர். வருகிறவர்களெல்லாம், உங்கள் வீட்டுக்காரர் ஏன் இப்படி அவசரப்பட்டார் என்று துக்கம் விசாரிக்கிறார்களாம். பதினாறு நாள் முன்பு என்னிடம் கேட்டார்: ‘அவரு துணியை மீறினாருன்னு நீங்களும் நம்புறீங்களா?’ நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அண்ணி, அவர் மீறவில்லை. துணியைப் பார்த்தார், நம்பினார், குதித்தார். துணியை விட்டுப் போனவன் நான். இதை அன்றைக்கே உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.