இரவல் தோல்வி

தெங்கேராவில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம், "கோச்சிக்காதடி, உன்னோட தோல்விய நான் சொல்லிட்டேன்" என்றாள். அதற்கப்புறம் நான் போனைப் பார்க்கவே இல்லை.

"எந்தத் தோல்வி?"

"அந்தப் பெரிய டெக் கம்பெனி இண்டர்வியூல, வேலையில தோத்துப்போன சம்பவம் ஒண்ணு சொல்லுன்னாங்க. யோசிச்சுப் பார்த்தேன், நான் எதுலயுமே தோக்கலையே! உங்க மேனேஜருக்கு வேலை போகப்போவுதுன்னு அவருக்கே தெரியறதுக்கு முன்னால, பிரியாவிடை பார்ட்டி மெசேஜ அவருக்கே அனுப்பினியே, அதச் சொல்லிட்டேன்."

"அலாமாக்! நாளைக்கு எனக்கும் அங்கதானே இண்டர்வியூ! நானும் அதத்தானே சொல்லப்போறேன்!"

"தெரியும் லா. ஒரு வாரமா என்கிட்டதானே சொல்லிப் பார்த்த? அதான் எனக்குத் தண்ணி பட்ட பாடா வந்துச்சு."

"கேட்டவங்க என்ன சொன்னாங்க?"

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அடுத்த ரவுண்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. நாளைக்கு உன்னையும் அவங்கதான் கேப்பாங்களாம்."

பஸ் தஞ்சோங் கிளிங்கைத் தாண்டியது.

"வேற ஒண்ணு சொல்லேன். நீதான் நெறைய தப்பு பண்ணியிருக்கியே."

"கூட்டாளிங்களோட சண்டை வந்தா எப்படிச் சமாளிப்பன்னும் கேட்டாங்களா?" என்றாள் கூட்டாளி.

"கேட்டாங்க. எனக்கு யார்கூடயும் சண்டையே வந்ததில்லன்னு சொன்னேன்."

தங்கா பத்து வந்தது. கூட்டாளி எழுந்து மணியை அழுத்தினாள்.

"எறங்கு. சண்டை இப்ப வரும்."