மூன்றாவது மிஸ்டு கால்

இரவு மணி பதினொன்று இருபது. குடிபாலாவிலிருந்து கல்குவாரிக்குப் போகிற மண் ரோடு. நிலா இல்லை. இரண்டு பேர் போகிறார்கள்... திரும்பி வரப்போவது ஒருவன்தான். எத்திராஜ், சிரிக்காதே. இது உன் சித்தி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நடந்தது. வேண்டுமானால் அவளையே கேட்டுக்கொள்.

முன்னால் போனவன் பழனி. பின்னால், தோளில் கடப்பாரையோடு போனவன் நாகேந்திரன். இரண்டு பேரும் ஒரே குவாரியில் கல் உடைத்தவர்கள், சேர்ந்தே டிரைவிங் லைசென்ஸ் எடுத்தவர்கள். திருப்பதியில் ஒரு ஏஜெண்ட், குவைத்துக்கு டிரைவர் வேண்டும் என்று இரண்டு பேரையும் பார்த்தான். ஒரே ஒரு விசா. பழனியை எடுத்துக்கொண்டான். போகிற போக்கில், "அவன் வரலேன்னா நீதான்" என்று நாகேந்திரனிடம் சொல்லிவைத்தான். பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு பாட்டில் அடிக்கலாம் என்றுதான் நாகேந்திரன் கூப்பிட்டான். கடப்பாரை எதற்கு என்று பழனி கேட்கவில்லை. கல் உடைக்கிறவன் தோளில் வேறு என்ன இருக்கும்?

தண்ணீர் நிறைந்த குவாரிக் குழி ஓரம் உட்கார்ந்து பழனி பாட்டில் மூடியைத் திருகினான். அப்போது நாகேந்திரன் கடப்பாரையை இறக்கினான். இடது காதுக்கு மேலே. தேங்காய் உடைகிற சத்தம்... பழனி விழவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாடா?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். நாகேந்திரன் இன்னும் இரண்டு முறை இறக்கினான். காலால் உருட்டித் தள்ளினான். நாற்பதடி தண்ணீர். பழனியின் சட்டைப் பையில் இருந்த போன் வெளிச்சத்தோடு கீழே... கீழே போய் அணைந்தது. கடப்பாரையையும் பின்னாலேயே எறிந்தான். வீட்டுக்குப் போய்க் குளித்தான். மனைவி யமுனா போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றான்.

பழனி பெங்களூருக்குப் போய்விட்டான் என்று ஊரே நினைத்துக்கொண்டது. நாகேந்திரன்தான் அப்படிச் சொல்லி வைத்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செல்போன் வந்த புதிது அது. எல்லையில் இருக்கிற ஊராச்சே, கூடத்தில் நின்றால் ஆந்திரா டவர், கொல்லைக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். போனை எடுத்தாலே ரோமிங் காசு. அதனால் யாரும் பேசவே மாட்டார்கள். எல்லாம் மிஸ்டு கால்தான். ஒரு கால் வந்தால் கிளம்பிவிட்டேன். இரண்டு வந்தால் முனைக்கு வந்துவிட்டேன். மூன்று வந்தால்... வாசலில் நிற்கிறேன், தாழ்ப்பாளை எடு. நாகேந்திரன் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் யமுனா மூன்றாவது காலுக்குத் தூக்கத்திலேயே எழுந்து போய்த் திறப்பாள், திரும்பி வந்து படுப்பாள். காலையில் கேட்டால் திறந்ததே ஞாபகம் இருக்காது.

பழனி செத்த மறுநாள். பதினொன்று இருபது. நாகேந்திரனின் போன் ஒரு தரம் அடித்து நின்றது. பழனியின் நம்பர். திருப்பிக் கூப்பிட்டான். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் தெலுங்கில் சொன்னது.

அடுத்த நாள், அதே நேரம். இரண்டு தரம் அடித்தது. முனையில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன... சட்டென்று எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

விடிந்ததும் ஓடினான் சித்தூருக்கு. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், போட்டோ, கையெழுத்து. புது நம்பர்.

"நல்ல நெம்பராச்சே நைனா, எந்துக்கு மாத்தறே?" என்றான் கடைக்காரன்.

"தொல்ல தாங்கலபா" என்றான் நாகேந்திரன்.

பழைய சிம்மைப் பல்லால் கடித்து இரண்டாக ஒடித்தான். அது உதட்டைக் கிழித்தது. ரத்தத்தோடு சாக்கடையில் துப்பினான். புது நம்பரை ஏஜெண்டுக்கு மட்டும் சொன்னான். யமுனாவிடம் சொன்னால் ஏன் மாற்றினாய் என்று குடைவாள், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். சாயங்காலமே ஏஜெண்ட் கூப்பிட்டான். பழனி போன் எடுக்கவில்லையாம், இனி நீதான் என்றான். விடிந்தால் மெட்ராஸ், அங்கிருந்து குவைத். அந்த ஒரு ராத்திரியைத் தாண்டினால் போதும்.

தாழ்ப்பாள் போட்டான். யமுனாவின் பக்கத்தில் படுத்து, போனை மார்மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். பதினொன்று இருபது... இருபத்தொன்று... இருபத்திரண்டு. சத்தமே இல்லை. தப்பித்தேன் என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது யமுனாவின் தலைமாட்டில் இருந்த போன் அடித்தது.

அவளுக்கு எழுத்து தெரியாது. புருஷன் நம்பருக்கு ஒரு ரோஜாப்பூ படம் வைத்திருந்தாள். ரோஜாப்பூ எரிந்தது... நின்றது. மறுபடியும் எரிந்தது... நின்றது.

மூன்றாவது தரம்.

யமுனா எழுந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

"ஏய், தொறக்காதே. நான் இங்கதான் கீறேன்."

அவனைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்க்கிற மாதிரி. கதவுப் பக்கம் நடந்தாள். அவன் பாய்ந்து கூந்தலைப் பிடித்து இழுத்தான், வாயில் குத்தினான், பல் தெறித்தது. அவள் அவன் மணிக்கட்டைச் சதையோடு கடித்தாள். அவன் கை நழுவியது. அவள் தாழ்ப்பாளை எடுத்தாள்.

ஈரக் கல்தூள் வாடை உள்ளே வந்தது.

"இன்னாய்யா, இப்டி நனைஞ்சிக்கினு வந்துகீறே?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள். அத்தனை பிரியமாக. கையை நீட்டி எதையோ வாங்கினாள். திரும்பினாள்.

இடது காதுக்கு மேலே விழுந்தது முதல் அடி. நாகேந்திரன் விழவில்லை.

"இன்னாடி?" என்றான்.

இன்னும் இரண்டு முறை இறக்கினாள்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா விளக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது, யமுனா ரத்தத்தில் உட்கார்ந்து, வாயில் ரத்தம் ஒழுக, தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடப்பாரை. பச்சைப் பாசி அப்பி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவனோ உள்ள பூந்துகினான்கா" என்றாள். "அவுருதான் இத கையில குட்த்தாரு. பசியா வந்துகீறாரு, சோறு போட்றேன்."

அந்தப் பாசியை வைத்துத்தான் போலீஸ் குவாரிக்குப் போனது. இரண்டு நாள் மோட்டார் போட்டு இறைத்தார்கள். பழனி கிடைத்தான். சட்டைப் பையில் போன் இருந்தது. எஸ்.ஐ. அதன் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே சிம் இரண்டு துண்டாக இருந்தது. ஒடிந்த இடத்தில் பல் தடம்... அதில் ஒட்டியிருந்த ரத்தம் அப்போதும் காயவில்லை.