மாரியாயி கடைச் செவுரு

…இந்தச் சூடப் பொகையில என் கொழம்பு என்னா ருசிண்ணே இருக்கும்? நீங்களே சொல்லுங்க! மீன் மணக்குதா, கோயிலு மணக்குதா? ஒக்காருங்க, ஒக்காருங்க. கிள்ளான் ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கு லா. நீங்க வெளியூரு, அதான் சோறு கேட்டு வந்திருக்கீங்க. இந்த பிரிக்ஃபீல்ட்ஸ்ல எவனும் இப்ப என்கிட்ட சோறு கேக்குறதில்ல. வரம் கேக்குறானுங்க!

எல்லாம் அந்தச் செவுத்துப் படத்தால வந்த வென. அண்ணாந்து பாருங்க… யாரு மாதிரி இருக்கு? ஐயய்யோ, கும்புடாதீங்க! நாந்தாண்ணே அது! நானு!

எங்க கூலி லைன்ல கன்னையான்னு ஒருத்தன். செந்தூல் பட்டறையில ரயிலு பொட்டிக்குச் சாயம் அடிக்கிறவன். கை சும்மா இருக்காது. தண்ணித் தொட்டியில மயிலு வரைவான், கக்கூஸு கதவுலகூட யானை வரைஞ்சு வச்சிருக்கான். அவன்ட்ட, "கன்னையா, கடச் செவுத்துல என்னைய வரைடா, பாத்தவுடனே நாலு பேரு சாப்புட வரணும்"னேன். வரைஞ்சான். எஞ்சினுக்கு அடிக்கிற கறுப்புல மிஞ்சுனத வச்சு, என் மூஞ்சி, என் மூக்குத்தி, ஒசத்திப் புடிச்ச அகப்பை… அச்சு அசலு நானேதான். எனக்கே வெக்கமாப் போச்சு.

மறுநா காலையில ரயில்வே ஆபீசுல கணக்கெழுதுற கிராணி கார்த்திகேசு அந்த வழியா வந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரரு, குடையும் கோட்டும். "ஆரின்ர படம் இது?"ன்னாரு. நான் மரியாதையா, "மாரியாயிங்க"ன்னேன். என் பேரு அதுதானேண்ணே! எங்க ஆயி வச்ச பேரு! அந்த மனுசன் சப்பாத்தக் கழட்டிட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாரு!

அவ்ளோதான்! சாயங்காலத்துக்குள்ள எலுமிச்சம் மாலை. அடுத்த வீட்டு மகதலேனா வந்து, "இது எங்க வேளாங்கண்ணி மாதா"ன்னு மெழுகுவத்தி ஏத்துறா. நூலு நூலா மீ அவிச்சு விக்கிற சீனக் கட மொதலாளி தவுக்கே, அவங்க ஊரு சாமின்னு ஆரஞ்சு அடுக்குறாரு. "இது சோத்துக் கடைப்பா, நான் கடைக்காரி"ன்னா, "ஏ கறுப்பி, அம்மாவ மறைக்காத, தள்ளு"ங்குறானுங்க! படத்துக்குக் கீழயே நிக்கிறேண்ணே! ஒரு பயலுக்கும் அடையாளம் தெரியல! என் மீன் சட்டியத் தூக்கி சாக்கடை ஓரமா வச்சுட்டாங்க. சாமி முன்னால கவிச்சி ஆகாதாம்.

எதுலயும் ஒத்துப்போவாத இந்த மூணு பேரும் ஒண்ணுல மட்டும் ஒத்துப்போனாங்க. அம்மா கறுப்பா இருக்கக் கூடாதாம்! "கூலிக்காரி மாதிரி இருக்கு, ரோசு சாயம் அடி"ன்னு கன்னையாவ ஏணியில ஏத்திவிட்டாங்க. மகதலேனா என்னைவிட ஒரு பிடி கூடக் கறுப்பு. அவளும் சேந்து "ரோசு, ரோசு"ங்குறா!

எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ! அகப்பைய ஓங்கிக்கிட்டு செவுத்தோட ஒட்டி நின்னேன். "எவன்டா ரோசு அடிக்கிறவன்? சூளையில செங்கல் சொமந்தது இந்தக் கறுப்புடா! தண்டவாளத்துக்குக் கல்லு கொட்டுனது இந்தக் கறுப்புடா! கைய வச்சான்னா வகுந்துருவேன்! எடுத்தாங்கடா என் மீன் கொழம்ப!"

கன்னையா பிரஷ்ஷ விட்டுட்டு மெல்ல எறங்குறான். கிராணி கையிலேர்ந்து குடை விழுது. "அம்மா எறங்கிட்டா!"ன்னு எவளோ கத்துனா பாருங்க… அத்தன பேரும் தொபுக்கடீர்னு என் கால்ல!

கறுப்பு தப்பிச்சுதுண்ணே, அது வரைக்கும் சரி. ஆனா அம்மா வாயாலயே மீன் கொழம்பு கேட்டுட்டாளாம். அன்னையிலேர்ந்து தெனம் வரிசை. நானும் சட்டி சட்டியா ஆக்குறேன். ஒரு பய சோத்துல ஊத்திக்க மாட்டேங்குறான்! உள்ளங்கையில ஒரு சொட்டு வாங்கி, தலையில தடவிக்கிட்டுப் போயிடுறானுங்க. மிச்சம் பூராவும் நாய்க்கு. நானே வாயத் தொறந்து கேட்டத இப்ப யாருகிட்டப் போயி அழ?

நீங்களாச்சும் ஒரு மனுசன் கெடச்சீங்களே. இந்தாங்க, நெறையவே ஊத்துறேன். பெசஞ்சு தின்னுங்க…

என்னாண்ணே, எதுக்கு எந்திரிக்கிறீங்க? ஐயய்ய, கொழம்பத் தொட்டு… அண்ணே! கண்ணுல ஒத்திக்காதீங்க! மொளகாண்ணே அது! மொளகா!