மேல், நடு, கீழ்

மெத்தை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் மேடம். உட்கார்ந்து பார்க்கிறார்கள். விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு தரம் துள்ளி, உள்ளங்கையால் தட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். உட்காரவா மெத்தை வாங்குகிறோம்? இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்வது ஒன்றுதான். செருப்பைக் கழற்றுங்கள், வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படிப் படுங்கள், பத்து நிமிஷம் பேசாதீர்கள். கைக்குத் தெரியாதது உடம்புக்குத் தெரியும்.

நீங்கள் இடது பக்கம் சாய்ந்தே உட்காருகிறீர்கள். நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்தீர்கள். வீட்டு மெத்தை நடுவில் குழி விழுந்திருக்கும், மாற்றிவிடுங்கள். சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஸ்பிரிங், பஞ்சு எல்லாம் கிடையாது. முழுக்க லேடெக்ஸ். ரப்பர் பாலை நுரைக்கவைத்து அச்சில் வேகவைத்த பாளம். கெட்டி, நடு, மெது என்று மூன்று சொல்லில் முடித்துக்கொள்வோம். கெட்டி அடியில், அதன்மேல் நடு, மேலே மெது. மூன்றையும் ஜிப் வைத்த ஓர் உறைக்குள் அடுக்குவது என் வேலை. ஆளைப் பார்த்ததுமே கணக்கு வந்துவிடும். குண்டானவருக்கு மெதுவில் இரண்டு விரல் கனம் குறைப்பேன். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் அமுங்க இரண்டு விரல் கூட்டுவேன். பாளத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் போதும், எந்த ரகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பட்டறையில் என் பெயரே கட்டைவிரல்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உறையைத் திறந்தவன் எழுதாமல் மூடக்கூடாது. எந்தப் பாளம் எங்கே போகிறதோ அதன் ஓரத்தில் மேல், நடு, கீழ் என்று நீலப் பென்சிலால் எழுதி, அன்றைய தேதியையும் போடவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடுக்கைப் பிரித்து, ஒவ்வொரு பாளத்தையும் அதனதன் இடத்திலேயே திருப்பிப் போடும்போது எது எங்கே இருந்தது என்று தெரியவேண்டும் அல்லவா. மறந்தால் முதலாளி திட்டுவார். நான் ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனார்கள். அக்காவுக்குப் பதினாறு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு மெத்தை. அதில் என்னைப் படுக்கவைத்துவிட்டு அவள் தரையில் படுத்தாள். தையல் கடைக்குப் போய் என்னை ஆளாக்கினாள். முப்பத்தைந்து வயதில்தான் கல்யாணம். அதற்குமேல் எனக்காகக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? நானே முன்னால் நின்று நடத்திவைத்தேன்.

அத்தான் பெயின்டர். நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் அவளை அடித்தாரா, குடித்தாரா என்று நீங்கள் இரண்டு தரம் கேட்டீர்கள். இல்லை. சிரித்த முகம், வாயைத் திறந்தால் கேலி. நான்கு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அது விபத்துதான், அதில் எனக்குச் சம்பந்தமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அளவெடுக்கப் போனேன். "மாப்ளே, பாதி உடம்புதான் வேலை செய்யுது. மெத்தைக்குப் பாதி விலை போட்டுக்குவியா?" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிரித்தேன்.

அந்த மெத்தையை என் ஆயுசில் செய்த நல்ல வேலை என்பேன். ஒவ்வொரு பாளத்தையும் குறுக்கே வெட்டி, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று மூன்று துண்டாக்கினேன். மேலே மூன்றும் மெது. அதிலும் இடுப்புத் துண்டு மெதுவிலும் மெது. அசையாமல் கிடக்கும் உடம்பில், முதுகு முடிகிற இடத்தில் எலும்பு துருத்திக்கொண்டு தோலை அழுத்தும். வலி தெரிந்தவன் புரண்டு படுப்பான். தெரியாதவனுக்கு அங்கே புண் வைக்கும். அதற்குத்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார் டாக்டர். அக்கா அலாரம் வைத்தாள். பகலும் இரவும் இரண்டு மணிக்கு ஒருமுறை. நான்கு வருஷத்தில் அத்தான் உடம்பில் ஒரு சிவப்புகூட வரவில்லை. பாதி அவள் கை, பாதி என் மெத்தை.

ஆனால் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை மேடம். கட்டிலருகே ஒரு நாற்காலி, அதில்தான் தூக்கம். தட்டில் கை வைத்தபடி கண் சொக்கும். ஒரு மத்தியானம் நான் போனபோது அடுப்பில் பால் பொங்கி அணைந்து, கேஸ் வாடை வந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினேன். சிரித்தாள். "ஒருநாள் முழுசா தூங்கினா போதும்டா தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். அதைச் சொன்னவர் மெத்தை விற்றவர் இல்லை. தூக்கத்துக்கு எல்லாம் தெரியும். என் அக்கா என்னிடம் வாய்விட்டுக் கேட்டது வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான். கேட்டதைக் கொடுக்காமல் நான் எப்படி இருப்பேன்?

அடுத்த வாரம், அடுக்கைத் திருப்பிப் போடவேண்டிய நாளில் போனேன். அத்தானைச் சக்கர நாற்காலியில் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். உறையைத் திறந்தேன். தோள் துண்டையும் கால் துண்டையும் தொடவில்லை. தோளில் அவருக்கு உணர்ச்சி உண்டு, அங்கே கை வைத்தால் கண்டுபிடித்துவிடுவார். இடுப்பில் மட்டும் மேலே இருந்த மெதுவை அடியில் போட்டு, அடியில் இருந்த கெட்டியை மேலே கொண்டுவந்தேன். உறையின் மேல்துணிக்குள் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு உண்டு. உள்ளங்கையால் தடவினால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைக்குத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. ஓரத்தில் எழுதினேன், தேதி போட்டேன், மூடினேன்.

அத்தானைத் தூக்கிப் படுக்கவைத்தோம். தோளை அசைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணியில மிதக்குற மாதிரி இருக்கு மாப்ளே" என்றார்.

அன்றே அக்காவிடம் சொன்னேன். "இது புது ரகம்க்கா. எடையை அதுவே பிரிச்சு வாங்கிக்கும். இனிமே ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்ப வேண்டாம். ராத்திரி ஒருதரம், காலையில ஒருதரம் போதும்."

"டாக்டர் ரெண்டு மணி நேரம்னு சொன்னாரே?"

"டாக்டருக்கு மருந்து தெரியும். மெத்தை எனக்குத் தெரியும்."

என்னை நம்பினாள். அலாரத்தை அவளே நிறுத்தினாள், நான் தொடக்கூட இல்லை. மறுநாள் போன் பண்ணி, "ஏழு மணி நேரம் தூங்கினேன்டா" என்றாள். குரலே வேறாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் கூப்பிட்டாள். போனேன். அத்தானை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு காட்டினாள். உள்ளங்கை அளவுக்குத் தோல் கன்னிப்போய் நாவல்பழ நிறத்தில் இருந்தது. "என்னடா இது? நாலு வருஷத்துல இப்படி வந்ததே இல்லையே."

"அடுக்கு மாத்தினா முதல்ல அப்படித்தான்க்கா இருக்கும். உடம்பு பழகணும். ஒரு பத்து நாள் பாரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை, மெத்தையைப் பார்த்தாள். குனிந்து, உறையின் ஓரத்தில் ஜிப்பைத் தேடிப் பிடித்தாள். ஒரு சாண் திறந்தும்விட்டாள். உள்ளே பாளத்தின் வெள்ளை தெரிந்தது. இன்னொரு சாண் திறந்திருந்தால் என் எழுத்து தெரிந்திருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியும், என் வழக்கமும் தெரியும். நான் அசையவில்லை. "திறந்தா துண்டெல்லாம் நழுவிடும்க்கா. அப்புறம் அவருக்குத்தான் கஷ்டம்" என்றேன். கை அப்படியே நின்றது. பிறகு ஜிப்பை மூடினாள்.

இருபது நாளில் தோல் பிய்ந்து புண் வைத்தது. அக்கா களிம்பு போட்டாள், மறுபடி அலாரம் வைக்கிறேன் என்றாள். வைத்தால் புண் ஆறாது, கிளறிக் கிளறித்தான் பெரிதாகும் என்றேன். அதையும் நம்பினாள். சொந்தத் தம்பி, தொழில் தெரிந்தவன்.

அத்தான் மட்டும் ஒருமுறை கேட்டார். காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. அக்கா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். "மாப்ளே, இடுப்புக்கு அடியில கையை விட்டுப் பார்த்தேன். விரல் நசுங்கிப்போச்சு. கெட்டியா இருக்கிற மாதிரி இருக்கே, உன் கட்டைவிரலால ஒருதரம் அழுத்திப் பாரேன்."

அழுத்தினேன். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு அழுத்தினேன். "மெதுதான் அத்தான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னா சரி" என்றார். அதன்பிறகு அவர் என்னிடம் கேலி பேசவில்லை. அக்காவிடம் ஏதும் சொல்லவுமில்லை. தெரிந்துதான் பேசாமல் இருந்தார் என்றே நினைக்கிறேன். அவருக்கும் அக்கா தூங்கவேண்டும் என்றுதான் இருந்திருக்கும். அந்த வகையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இதைச் செய்தோம்.

நாற்பத்தாறாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண் எலும்புவரை போய், விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் போய்விட்டார். எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருக்க, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மணி நேரத்தில் நான் உறையைத் திறந்து கெட்டியைக் கீழேயும் மெதுவை மேலேயும் பழையபடி வைத்தேன். அங்கேதான் தவறினேன். எழுதாமல் மூடியிருக்கலாம். யோசித்தேன், பென்சிலைக்கூடப் பையில் போட்டுவிட்டேன். ஆனால் ஜிப் பாதி வந்ததும் கை ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். திரும்பத் திறந்து, கீழ் என்று எழுதி, தேதி போட்ட பிறகுதான் மூட முடிந்தது.

கவனிக்காமல் சாகவிட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொடுத்தார்கள், நீங்கள் அக்காவை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தீர்கள். மூன்று நாள் விசாரித்தீர்கள். "நான்தான் அலாரத்தை நிறுத்தினேன், நான்தான் கொன்னேன்" என்று அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். என் பேச்சையே எடுக்கவில்லையாம். நான் அப்போதே வந்து சொல்லியிருக்கவேண்டும் என்கிறீர்கள். வருவதாகத்தான் இருந்தேன். அதற்குள் நீங்கள் மெத்தையைத் திறந்து, கெட்டித் துண்டின் ஓரத்தில் நாற்பத்தேழு நாள் இடைவெளியில் மேல், கீழ் என்று கடைசி இரண்டு தேதிகளைப் படித்துவிட்டீர்கள். கெட்டி எதற்கு மேலே வந்தது என்று பட்டறையில் கேட்டிருக்கிறீர்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

ஆக, செய்தது நான். தெரிந்து, திட்டம் போட்டு, நாள் பார்த்துச் செய்தேன். அக்காவுக்கு இதில் பங்கில்லை. அவள் களைத்துப்போயிருந்தாள், அந்தக் களைப்பைப் போக்கினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். என் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில் இருக்கிறதே, அதில் யார் படுக்கிறார்கள் என்று. யாரும் இல்லை. அந்த மெத்தையைத் திறந்து முப்பத்தாறு தேதிகளை எண்ணியிருக்கிறீர்கள். முதல் தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது, அக்கா கல்யாணத்துக்கு மறுவாரம். அப்போது அத்தான் சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாரே, ஓடியாடிக்கொண்டிருந்தாரே, அக்கா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாளே, அப்புறம் யாருக்காக அந்த மெத்தை என்று கேட்டீர்கள். போன பெண் ஒருநாள் திரும்பிவரும்போது படுக்க இடம் வேண்டாமா? படுக்காவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால்தான் மெத்தை கெடாது.

நேற்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். எல்லாம் தெரிந்தபிறகு என்னைப் பார்க்கமாட்டேன் என்றாளாம். கோபம் இருக்கும், தணிந்துவிடும். அத்தானின் கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில் படுத்துக்கொண்டு, கண்ணையே மூடாமல் கிடக்கிறாள் என்று உங்கள் ஏட்டம்மா சொன்னார்கள். என் வீட்டுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது, அதை அவளிடம் கொடுத்துவிடுங்கள். தரை அவளுக்கு ஆகாது மேடம், அவள் ஒருக்களித்துப் படுப்பவள். அவளுக்கென்று மேலே இரண்டு விரல் கூட்டித்தான் வைத்திருக்கிறேன்.