முகவரியை உரக்கப் படித்தவள்

மேடையில் வீற்றிருக்கும் முதலாளி ஐயா அவர்களே, மேலாளர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, வணக்கம்!

விபத்து நடந்த அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடியில், சோதனை அறையில் என் பேத்தி, அவளோடு வேலை பார்க்கும் சுருட்டைமுடிப் பெண், மேலாளர். கீழே, பிரஸ் மெஷினுக்குள் குனிந்து தகட்டுச் சீவலைப் பெருக்கிய ஆபரேட்டர். அந்த மாடி அறையின் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நான். ஐந்தே பேர். நான் படிக்காதவள். ஆனால் பார்த்ததை மறக்கிறவள் இல்லை.

என் பேத்தியின் வேலை என்ன? பிரஸ்ஸை இயக்கும் வலைப்பக்கத்தைச் சோதிப்பது. மனிதக் கை படாமல் பிரவுசர் தானே திறந்து, தானே பொத்தானை அமுக்கிப் பார்க்கும்படி அமைப்பாள். பிரவுசரின் பதிப்பு எண்ணும் அதை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருளின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தொடங்குமுன் அது போகும் முகவரியை உரக்கப் படிப்பாள். சுருட்டைமுடி திருப்பிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போலி மெஷினுக்கா, கீழே நிற்கும் நிஜ மெஷினுக்கா? "ஒரு வார்த்தைதான் பாட்டி வித்தியாசம். மாறிச்சுன்னா ஆளு நசுங்கிடுவான்" என்பாள்.

"முகவரியம்மா வந்துட்டாங்க, காதைப் பொத்திக்கோ!" என்று சிரித்தீர்களே, கொள்முதல் பிரிவுக்காரர்களே! மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை.

அன்று போலி மெஷின் படுத்துவிட்டது. பேத்தி அடுத்த மேசையில் வேறொரு பிரவுசரை நிறுவிக்கொண்டிருந்தாள். மேலாளர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நிஜ முகவரியைப் போட்டார்.

"சார், படிச்சுட்டுப் போடுங்க சார்" என்றாள் சுருட்டைமுடி.

"இதென்ன பள்ளிக்கூடமா?" என்று கீபோர்டைத் தட்டி ஓட விட்டார்.

பிரவுசர் திரையில் தெரியாமலே ஓடியது. மூடி நிறுத்தத் திரையில் பிரவுசர் ஜன்னலே இல்லை. எழுத்துகள் மட்டும் ஓடின. அதில் முகவரியைப் பார்த்த பேத்தி அலறினாள். "நிறுத்துங்க! ஆபரேட்டர் அண்ணன் உள்ள இருக்காரு!"

கீபோர்டைப் பிடித்து இழுத்தாள். விட்டாரா? "கையை எடுடி! முழுசா ஓடட்டும், எனக்கு ரிப்போர்ட் வேணும்!" என்று தள்ளினார். மேசை விளிம்பில் அவள் நெற்றி பிளந்தது. பிரஸ்ஸை இறக்கும் பொத்தானைச் சோதனை கடைசியில்தான் அமுக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரத்தம் வழிய வழியப் படியில் ஓடினாள்.

கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். ஆபரேட்டரின் சட்டையைப் பற்றி வெளியே வீசினாள். அவருக்கு இரண்டு விரல் போயிற்று. அவளுக்குத் தோளும் கழுத்தும். பிரஸ் எழும்பியது. மறுபடி இறங்கியது. மறுபடியும்! மூன்று முறை அமுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தவள் அவளேதான், ஐயா!

அவள் பெயரில் திறந்திருந்த கம்ப்யூட்டர் என்பதால், அவளே தவறான முகவரியைப் போட்டாள் என்று அறிக்கை எழுதியிருக்கிறீர்கள். முதலாளி ஐயா, அதைக் கிழித்துப் போடுங்கள்! நாளை முதல் ஒருவர் படித்து, இன்னொருவர் திருப்பிச் சொல்லாமல் அந்த அறையில் எதுவும் ஓடாது. துடைப்பத்தோடு வாசலில் நிற்பேன். என் காதில் விழ வேண்டும்.

சுருட்டைமுடி, நீ உறைந்து நின்றாய், மன்னித்தேன். ஆபரேட்டரே, தலையைக் குனியாதீர்கள். அவள் இழுத்துக் காத்த தலை அது. சிரித்தவர்களே, உங்களை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாளாகும்.

மன்னிக்கவே முடியாத ஆள் ஒருவர். மாலை போட்ட அவள் படத்துக்குப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். சோதனைப் பிரிவு மேலாளர்.